வேண்டுதலுக்கு வைத்த பரீட்சை

நம்மூர் மருத்துவமனைகள் பலவற்றின் வாசலருகே ஒரு பிள்ளையார் இருப்பார். உள்ளே போனால், சிகிச்சை எங்கள் வேலை, குணமாக்குவது இறைவன் வேலை என்ற பொருளில் ஒரு பலகை தொங்கும். அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே ஒருவர் கந்த சஷ்டி கவசம் முணுமுணுப்பார், ஒருவர் ஜெபமாலை உருட்டுவார், ஒருவர் துஆ கேட்பார். நோயாளி நலமாக வீடு திரும்பியதும் மருத்துவமனைக்குக் கட்டணமும் சாமிக்கு நேர்த்திக்கடனும் செலுத்திவிடுவோம். இதில் யாருடைய பங்கு எவ்வளவு? அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்க முடியுமா?

முடியும் என்று நம்பியவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். பிரார்த்தனையின் வரலாறு நமக்கு ஓரளவு தெரியும். பிரார்த்தனைக்கு வைக்கப்பட்ட பரீட்சைக்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு என்பதுதான் அதிகம் பேர் அறியாதது. யூத மலையுச்சியில் தொடங்கி, மதுரை அரண்மனை, பாரிஸ் தோட்டம், லண்டன் பத்திரிகை அலுவலகம் என்று சுற்றி, அமெரிக்காவின் இதயநோய்ப் பிரிவுகளுக்கு அது வந்து சேர்ந்தது. வழியில் அரசர்களும் வியாபாரிகளும் மருத்துவர்களும் ஆளுக்கொரு திருத்தம் செய்தார்கள்.

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் கிதியோன் என்றொருவர் வருகிறார். கடவுள் தன்னோடு இருக்கிறாரா என்று அவருக்கு ஐயம். களத்தில் ஆட்டு ரோமத்தோல் ஒன்றை விரித்து வைத்து, பனி இதன்மேல் மட்டும் பெய்யட்டும், தரை காய்ந்திருக்கட்டும் என்று வேண்டுகிறார். விடிந்ததும் தோலைப் பிழிந்தால் ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர். வேறொருவராக இருந்தால் அத்தோடு திருப்தி அடைந்திருப்பார். கிதியோன் மறுநாள் சோதனையைத் தலைகீழாக்குகிறார்: இன்று தோல் காய்ந்திருக்கட்டும், தரை நனையட்டும். ரோமம் இயல்பாகவே ஈரத்தை உறிஞ்சும். ஆகவே முதல் நாள் முடிவுக்குச் சாதாரணக் காரணமே போதுமானதாக இருக்கலாம். அந்தச் சாத்தியத்தை அடைப்பதற்கு நிபந்தனையை மாற்றிப் பார்ப்பதுதான் வழி. இன்றைய ஆய்வாளரும் அதைத்தான் செய்வார்.

அதே நூலில் எலியா என்ற தீர்க்கதரிசி பாகால் தெய்வத்தின் 450 பூசாரிகளைக் கர்மேல் மலைக்கு அழைக்கிறார். இரண்டு பலிபீடங்கள், இரண்டு காளைகள். தீயை யாரும் மூட்டக்கூடாது, எவருடைய கடவுள் வானத்திலிருந்து தீ அனுப்புகிறாரோ அவரே கடவுள். தன் முறை வந்தபோது எலியா விறகின்மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார். மறைத்து வைத்த நெருப்பு என்று பின்னால் யாரும் சொல்லிவிடக்கூடாது அல்லவா? கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஏமாற்று வேலைக்கு இடம் தராத ஏற்பாடு வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு பழையது என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் இதே மரபுதான் உன் தேவனைச் சோதித்துப் பார்க்காதே என்ற கட்டளையையும் தந்தது. பரீட்சை வைக்கும் ஆசையும் பரீட்சை கூடாது என்ற அச்சமும் ஒன்றாகவே பிறந்து, இந்தப் பயணம் முழுவதும் சேர்ந்தே வருகின்றன.

கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் லிடியா நாட்டு அரசன் குரோசஸ் ஒரே நேரத்தில் பல கோயில்களுக்குப் பரீட்சை வைத்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். டெல்ஃபி, டொடோனா, லிபியாவின் அம்மோன் என்று குறி சொல்லும் தலங்களுக்கெல்லாம் தூதர்கள் போனார்கள். புறப்பட்ட 100-ஆம் நாள், இப்போது எங்கள் அரசன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று எல்லோரும் கேட்க வேண்டும். அன்று குரோசஸ் யாரும் ஊகிக்க முடியாத ஒன்றைச் செய்தான். ஆமைக்கறியையும் ஆட்டுக்கறியையும் வெண்கலப் பாத்திரத்தில் போட்டு, வெண்கல மூடியால் மூடி வேகவைத்தான். டெல்ஃபி சரியாகச் சொன்னதாம். அதை நம்பிப் பாரசீகத்தின்மீது போர் தொடுக்கலாமா என்று கேட்டான். ஒரு பேரரசு அழியும் என்று பதில் வந்தது. அழிந்தது அவனுடைய பேரரசுதான். பல இடங்களில் கேட்டு, சரியாக வந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதில் உள்ள ஆபத்து 2,500 ஆண்டுகளுக்குப் பிறகு சான்ஃபிரான்சிஸ்கோவில் மறுபடி தலைகாட்டும்.

அதற்குமுன் மதுரைக்கு வர வேண்டும். 7-ஆம் நூற்றாண்டில் பாண்டிய மன்னனுக்கு வெப்பு நோய் கண்டது. அப்போது நடந்ததாகப் பெரியபுராணம் சொல்வது மருத்துவ ஆய்வின் கண்ணோடு படித்தால் வியப்பூட்டுகிறது. அரசி மங்கையர்க்கரசியும் அமைச்சர் குலச்சிறையாரும் திருஞானசம்பந்தரை அழைத்து வருகிறார்கள். மன்னனின் உடல் இரண்டாகப் பிரித்துக்கொள்ளப்படுகிறது. இடப்பக்கத்தைச் சமண முனிவர்கள் மயிற்பீலியாலும் மந்திரத்தாலும் குணப்படுத்த வேண்டும், வலப்பக்கம் சம்பந்தருடைய திருநீற்றுக்கு. வலப்பக்கம் குளிர்ந்தது, இடப்பக்கம் இன்னும் கொதித்தது என்கிறது புராணம். ஒரே நோயாளி, ஒரே நோய், ஒரே நேரம், இரண்டு சிகிச்சைகள். தோல் மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் இன்றும் ஒரு பக்கத்துக்கு ஒரு மருந்து, மறுபக்கத்துக்கு வேறொரு மருந்து என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. பின்னர் ஏடுகளைத் தீயிலிட்டும் வைகையில் விட்டும் வாதம் தொடர்ந்தது. ஆற்றை எதிர்த்துச் சென்ற ஏடு கரைசேர்ந்த இடமாகத் திருவேடகத்தைச் சொல்கிறார்கள்.

இதில் இன்றைய ஆய்வாளர் என்ன குறை காண்பார்? எந்தப் பக்கம் யாருடையது என்பது மன்னனுக்குத் தெரியும். குணமானதா என்று சொல்லப் போவதும் அவனே. கதையை எழுதிய சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டினர், வென்ற தரப்பைச் சேர்ந்தவர். தோற்றவர்கள் கழுவேற்றப்பட்டதாகவும் கதை சொல்கிறது. அது வரலாறுதானா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தோற்றால் உயிர் போகும் என்ற இடத்தில் நடப்பது போட்டியாக இருக்கலாம், உண்மை தேடும் சோதனையாக இருக்க முடியாது. இந்தப் பயணத்தில் அடுத்து வந்த ஒவ்வொரு திருத்தமும் இந்தக் குறைகளில் ஒன்றை நீக்குவதற்காகவே வந்தது.

முதல் திருத்தம் சீட்டுக் குலுக்கல். பெல்ஜியத்து மருத்துவர் வான் ஹெல்மான்ட் சக மருத்துவர்களுக்கு விடுத்த சவால் ஒன்று, அவர் இறந்தபின் 1648-ல் அச்சானது. காய்ச்சல் கண்ட ஏழைகள் 200 பேரையோ 500 பேரையோ கூட்டி இரண்டாகப் பிரிப்போம், யார் எந்தப் பாதி என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வோம். நீங்கள் உங்கள் பாதிக்கு இரத்தம் இறக்குங்கள், நான் இறக்காமல் பார்த்துக்கொள்கிறேன். முடிவில் எத்தனை சவ ஊர்வலங்கள் என்று எண்ணுவோம். பந்தயம் 300 ஃபுளோரின். பந்தயத்தை யாரும் ஏற்கவில்லை. ஆனால் நல்ல நோயாளிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் மனிதச் சபலத்துக்குச் சீட்டுதான் மருந்து என்ற எண்ணம் காகிதத்தில் ஏறிவிட்டது.

இரண்டாவது திருத்தம் கண்கட்டு. 1784-ல் பாரிஸ் நகரமே மெஸ்மர் என்ற மருத்துவரின் காந்த சிகிச்சையில் மயங்கிக் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்தப் பாய்மம் நோயைத் தீர்க்கும் என்றார் அவர். மன்னர் 16-ஆம் லூயி ஒரு விசாரணைக் குழு அமைத்தார். தலைவர், அமெரிக்கத் தூதராக அங்கிருந்த பெஞ்சமின் பிராங்க்ளின். வேதியியலின் தந்தை லவாய்சியேவும், பின்னாளில் கில்லட்டினுக்குத் தன் பெயரைத் தந்த டாக்டர் கில்லட்டினும் உறுப்பினர்கள். பிராங்க்ளினின் தோட்டத்தில் ஒரு பாதாமி மரத்துக்குக் காந்தம் ஏற்றப்பட்டது. 12 வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி மரம் மரமாக அழைத்துப் போனார்கள். ஒவ்வொரு மரத்திலும் வியர்த்தான், இருமினான், தலை கனப்பதாகச் சொன்னான். நான்காவது மரத்தடியில் மயங்கியே விழுந்துவிட்டான். காந்தம் ஏற்றிய மரமோ தள்ளி நின்றது. அவன் நடிக்கவில்லை. மரத்துக்குச் சக்தி இருக்கும் என்ற எதிர்பார்ப்பு அவன் உடலை அப்படி ஆட்டிவைத்தது.

சில ஆண்டுகளில் இதையே சரக்காக்கினார் அமெரிக்காவின் கனெக்டிகட்டைச் சேர்ந்த எலிஷா பெர்கின்ஸ். இரண்டு சிறு உலோகக் கோல்கள், வலிக்கும் இடத்தில் தடவினால் வலி போகும். 1796-ல் காப்புரிமை வாங்கினார். அவருடைய மகன் லண்டனில் கடை விரித்து ஒரு ஜோடியை 5 கினி விலைக்கு விற்றார். பாத் நகரத்து மருத்துவர் ஜான் ஹேகார்த் 1799-ல் மரத்தில் அதேபோல் கோல்கள் செய்து, உலோகம் போலத் தோன்றும்படி வண்ணம் பூசி, ஐந்து நோயாளிகளுக்குத் தடவினார். நான்கு பேர் வலி குறைந்ததென்றார்கள். போலிச் சரக்கு அசல் சரக்கின் குட்டை உடைத்தது. இன்று ஒவ்வொரு மருந்துச் சோதனையிலும் பொய் மாத்திரை கொடுக்கிறார்களே, அதற்கு முன்னோடிகளில் ஒன்று அந்த மரக்கோல். அதே ஆண்டு நியூயார்க்கில் மஞ்சள் காய்ச்சலுக்குத் தானே கண்டுபிடித்த மருந்தோடு சிகிச்சை அளிக்கப் போன பெர்கின்ஸ் அந்தக் காய்ச்சலுக்கே பலியானார்.

கருவிகள் தயார். அவற்றைப் பிரார்த்தனையின் பக்கம் திருப்பியது இங்கிலாந்தின் ஓர் அரச நோய். 1871 நவம்பரில் விக்டோரியா அரசியின் மூத்த மகன், வேல்ஸ் இளவரசர் எட்வர்டு, டைஃபாய்டில் படுத்தார். பத்தாண்டுகளுக்கு முன் அதே நோய் என்று சொல்லப்பட்டுத்தான் அவருடைய தந்தை ஆல்பர்ட் டிசம்பர் 14-ஆம் தேதி இறந்திருந்தார். அந்தத் தேதி நெருங்க நெருங்க நாடே தேவாலயங்களில் மண்டியிட்டது. டிசம்பர் 14 வந்தது, இளவரசர் தேறத் தொடங்கினார். 1872 பிப்ரவரி 27 அன்று லண்டன் புனித பவுல் பேராலயத்தில் நன்றி வழிபாடு நடந்தது. ஆனால் இளவரசரோடு அதே மாளிகையில் விருந்தினராகத் தங்கியிருந்த செஸ்டர்ஃபீல்டு பிரபு அதே நோயில் இறந்திருந்தார். இளவரசரின் குதிரைக்காரர் ஒருவரும் இறந்தார். அவர்களுக்காக நாடு மண்டியிடவில்லை என்று ஒருவர் வாதிடலாம். இளவரசரைப் போல் நாட்டின் தலைசிறந்த மருத்துவர்கள் இரவுபகலாக அவர்கள் பக்கத்தில் இருக்கவில்லை என்று இன்னொருவர் வாதிடலாம். இரண்டையும் பிரிப்பது எப்படி?

1872 ஜூலையில் 'கன்டெம்பரரி ரிவ்யூ' இதழில் பெயரில்லாத ஒரு கடிதம் வந்தது. இயற்பியலாளர் ஜான் டின்டால் முன்னுரை எழுதியிருந்தார். ஒரு மருத்துவமனையை, அல்லது அதில் ஒரு பிரிவை, தேர்ந்தெடுப்போம். மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் நாட்டின் பக்தர்கள் எல்லோரும் அங்குள்ள நோயாளிகளுக்காகச் சிறப்பாக ஜெபிக்கட்டும். பிறகு அங்குள்ள இறப்பு விகிதத்தை மற்ற மருத்துவமனைகளோடு ஒப்பிடுவோம். எழுதியவர் சர் ஹென்றி தாம்சன் என்பது பொதுவான முடிவு. சிறுநீர்ப்பைக் கல் அகற்றுவதில் ஐரோப்பாவிலேயே பேர்பெற்ற அறுவை மருத்துவர் அவர். அடுத்த ஜனவரியில், பதவியிழந்து இங்கிலாந்தில் வாழ்ந்த மூன்றாம் நெப்போலியனுக்கு அறுவை செய்தவரும் அவர்தான். அந்த நோயாளி பிழைக்கவில்லை. மறு ஆண்டு இங்கிலாந்தில் பிணத்தை எரிக்கும் வழக்கத்துக்காகச் சங்கம் தொடங்கியதும் அவரே.

அடுத்த மாதமே டார்வினின் உறவினர் பிரான்சிஸ் கால்டன், புதிதாகச் சோதனை எதற்கு, பழைய கணக்கே இருக்கிறதே என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். மிக அதிகமான பேர் நீண்ட ஆயுள் வேண்டி ஜெபிப்பது யாருக்காக? ஞாயிறுதோறும் எல்லாத் தேவாலயங்களிலும் அரச குடும்பத்துக்காக. அப்படியானால் அவர்கள்தான் நெடுநாள் வாழ வேண்டும். 30 வயதைக் கடந்த, விபத்தில் சாகாத ஆண்களின் ஆயுள் பட்டியலை எடுத்துப் பார்த்தார். அரச குடும்பத்தினர் 97 பேரின் சராசரி ஆயுள் 64.04 ஆண்டு. நாட்டுப்புறக் கனவான்களுக்கு 70.22. ஜெபமே தொழிலாகக் கொண்ட மதகுருமார்களுக்கு 69.49, வழக்கறிஞர்களுக்கு 68.14, மருத்துவர்களுக்கு 67.31. வசதியாக வாழ்பவர்களில் அரச குடும்பத்தாருக்கே ஆயுள் குறைவு. அரச வாழ்க்கை இயல்பிலேயே ஆயுளை இன்னும் அதிகமாகக் குறைக்கக்கூடும், பிரார்த்தனை அதில் கொஞ்சத்தை ஈடுகட்டியிருக்கலாம் என்று ஒருவர் சொல்லலாமே என்பதையும் அவரே எழுப்பி, அது நம்பத்தக்கதல்ல என்று விட்டுவிட்டார். ஆனால் அந்த ஓட்டை உண்மையான ஓட்டைதான். சீட்டுக் குலுக்கல் இல்லாத எந்தக் கணக்கிலும் அது இருக்கும்.

மதத்தரப்பிலிருந்து வந்த மறுப்புகள் வெறும் கோபமல்ல, அவற்றில் விஷயம் இருந்தது. ஒரு மருத்துவமனைக்கு மட்டும் ஜெபித்து, பக்கத்து மருத்துவமனையை விட்டுவிடும் கிறித்தவர் உண்மையான கிறித்தவரா என்று கேட்டார்கள். கடவுள் ஒரு விசையல்ல, அழுத்தினால் இயங்குவதற்கு என்றார்கள். பின்னாளில் எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் இதைக் கூர்மையாக்கினார். சோதனைக்காக வேண்டிக்கொள்பவர் நோயாளி குணமடைய வேண்டும் என்று வேண்டவில்லை, என்ன ஆகிறது பார்ப்போம் என்றே செய்கிறார், அது பிரார்த்தனையே இல்லை என்பது அவர் வாதம். தாம்சனின் மருத்துவமனை அமையவே இல்லை. விவாதம் மட்டும் அட்லாண்டிக்கைக் கடந்து, 1876-ல் பாஸ்டனில் புத்தகமானது.

அறிவியல் மீண்டும் வந்தபோது அதன் கையில் வலுவான கருவி இருந்தது. 1940-களில் போரால் காசு தீர்ந்த பிரிட்டனால் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற புதுக் காசநோய் மருந்தைக் கொஞ்சமே வாங்க முடிந்தது. எல்லோருக்கும் கொடுக்க மருந்து இல்லாதபோது, யாருக்குக் கொடுப்பது என்பதை மூடிய உறைகளில் இருந்த எண்களுக்கு விட்டார் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். 107 நோயாளிகளோடு 1948-ல் வெளியான அந்த ஆய்வு மருத்துவ உலகின் அளவுகோலானது. வான் ஹெல்மான்டின் சீட்டு 300 ஆண்டு கழித்து, பற்றாக்குறையின் புண்ணியத்தில் வேலைக்கு வந்தது. 1965-ல் லண்டனில் ஜாய்ஸ், வெல்டன் என்ற இருவர் 19 ஜோடி நோயாளிகளைக் கொண்டு அதைப் பிரார்த்தனையின்மேல் பயன்படுத்தினார்கள். யாருக்காக ஜெபம் நடக்கிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. தெளிவான பலன் எதுவும் தென்படவில்லை.

உறைகளும் எண்களும் ஏன் வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டு நினைவு ஒன்றே போதும். 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். நோயில் விழுந்தபோது அலகு குத்தியவர்கள், மண்சோறு உண்டவர்கள், மொட்டை போட்டவர்கள் ஏராளம். திரையரங்குகளில் 'ஒளிவிளக்கு' படத்துப் பிரார்த்தனைப் பாடல் ஒலித்தது. அவர் 1985 பிப்ரவரியில் திரும்பி வந்தார். பிரார்த்தனை காப்பாற்றியது என்று அன்று கோடிப் பேர் நம்பினார்கள். இடையே புரூக்ளினில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தது. 2016-ல் ஜெயலலிதா 75 நாள் மருத்துவமனையில் இருந்தபோதும் பால்குடங்களும் காவடிகளும் குறையவில்லை, மண்சோறும் குறையவில்லை. டிசம்பர் 5 அன்று அவர் காலமானார். முதல் நிகழ்ச்சியை நினைவில் வைத்திருப்பவர் பலன் உண்டு என்பார், இரண்டாவதை நினைப்பவர் இல்லை என்பார். இரண்டு பேருக்கும் போதிய சான்று கிடையாது. ஒரே ஒரு நோயாளியை வைத்து யாராலும் அதைச் சொல்ல முடியாது.

பெரிய எண்ணிக்கையோடு முதலில் வந்தவர் சான்ஃபிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையின் இதயநோய் மருத்துவர் ராண்டால்ஃப் பேர்டு. தீவிர இதயநோய்ப் பிரிவில் 393 பேர். 192 பேருக்காக வெளியிலிருந்து கிறித்தவக் குழுக்கள் ஜெபித்தன, 201 பேருக்கு அந்த ஏற்பாடு இல்லை. 1988-ல் முடிவு வந்தபோது உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஜெபம் பெற்றவர்களில் நிமோனியா குறைவு, இதயச் செயலிழப்பு குறைவு, செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டவர்கள் குறைவு. ஆனால் அவர் அளந்தவை 20-க்கும் மேற்பட்ட விளைவுகள். வேறுபாடு தெரிந்தது ஆறில் மட்டும். மருத்துவமனையில் இருந்த நாள்களில் வேறுபாடு இல்லை, இறப்பிலும் இல்லை. குரோசஸ் பல கோயில்களில் கேட்டதை நினைத்துப் பாருங்கள். இருபது கேள்வி கேட்டால் ஒன்றிரண்டுக்குத் தற்செயலாகவே சாதகமான பதில் வரும். பேர்டின் ஆறு பதில்களும் ஒன்றோடொன்று பின்னியவை. இதயம் தளர்ந்தால் சுவாசக் குழாயும் தேவைப்படும், மருந்தும் கூடும்.

பின்பற்றுபவர்கள் உடனே கிளம்பினார்கள். 1999-ல் கன்சாஸ் சிட்டியில் 990 நோயாளிகள். ஆய்வு நடப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஜெபிப்பவர்களுக்கு முதற்பெயர் மட்டும் தரப்பட்டது. தாங்களே வகுத்த மதிப்பெண்ணில் 11 சதவீத முன்னேற்றம் கண்டார்கள். பேர்டின் மதிப்பெண் முறையைப் போட்டுப் பார்த்தால் அந்த வேறுபாடு காணவில்லை. 2001-ல் சியோல் நகரில் செயற்கைக் கருத்தரிப்பு பெற்ற பெண்களில், ஜெபம் பெற்றவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வெற்றி என்று ஓர் ஆய்வுக் கட்டுரை செய்தித்தாள்களில் வந்தது. பிறகு அதை எழுதிய மூவரில் ஒருவர் தன் பெயரை விலக்கிக்கொண்டார். இன்னொருவர் இதற்குத் தொடர்பில்லாத ஒரு மோசடி வழக்கில் 2004-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அதே 2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் கிறிஸ்துமஸ் இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்த பக்கங்களில் வந்தன. ஒன்று இஸ்ரேலிய மருத்துவர் லைபோவிச்சி எழுதியது. 1990 முதல் 1996 வரை இரத்தத்தில் தொற்றோடு அனுமதிக்கப்பட்டிருந்த 3,393 பேரின் பழைய பதிவேடுகளை எடுத்தார். சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்தார். 2000-ஆம் ஆண்டில் ஒரு பாதிக்காக ஜெபிக்கச் செய்தார். அவர்கள் குணமாகி வீடு போயோ இறந்தோ குறைந்தது நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் ஜெபம் பெற்ற பாதியினருக்குக் காய்ச்சல் நாள்களும் மருத்துவமனை நாள்களும் குறைவு என்று கணக்கு காட்டியது! கடந்த காலத்தை ஜெபம் மாற்றியதென்று சொல்ல அவர் அதை எழுதவில்லை. முறைப்படி செய்த சோதனையும் தற்செயலால் தவறான விடை தரும், அடிப்படையே இல்லாத கருத்துக்கு அத்தகைய ஒரு சோதனையைச் சான்றாகக் கொள்ளாதீர்கள் என்று மருத்துவர்களுக்குக் காட்டுவதே நோக்கம். இருந்தும் சிலர் அதை நிரூபணம் என்றே மேற்கோள் காட்டினார்கள். பிரார்த்தனை ஆய்வுகளைத் தொகுத்த பேர்பெற்ற மதிப்பாய்வு ஒன்றிலும் அது கணக்கில் சேர்ந்தது.

முந்தைய பக்கங்களில் இருந்தது இத்தாலியின் பவியா நகரிலிருந்து வந்த ஆய்வு. 23 பேரை லத்தீனில் மரியே வாழ்க ஜெபமாலை சொல்லச் சொன்னார்கள். பிறகு ஓம் மணி பத்மே ஹூம் மந்திரத்தை உச்சரிக்கச் சொன்னார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு முறை என்ற நிதானத்துக்கு வந்தது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அந்தத் தாளத்தோடு இசைந்தன. மதங்கள் இரண்டு, மொழிகள் இரண்டு, உடல் கண்ட தாளம் ஒன்று. மாலை உருட்டி ஜெபிக்கும் பழக்கமே கிழக்கிலிருந்து அரபியர் வழியாகச் சிலுவைப் போர் வீரர்களிடம் போயிருக்கலாம் என்றும் அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். இது வேறொரு கேள்விக்கான பதில். ஜெபம் பிறரின் நோயைத் தொலைவிலிருந்து மாற்றுகிறதா என்பது ஒன்று, ஜெபிப்பவரின் உடலை மாற்றுகிறதா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு ஆம் என்று சொல்ல அதிசயம் எதுவும் தேவையில்லை.

இரண்டு கேள்விகளையும் தொட்டவர் ஹார்வர்டின் ஹெர்பர்ட் பென்சன். தியானம் செய்பவர்களின் இரத்த அழுத்தத்தை அளந்து 1975-ல் புகழ்பெற்றவர். பிறகு தரம்சாலாவுக்குப் போய், தியானத்தால் விரல்களின் வெப்பத்தை உயர்த்திய திபெத்தியத் துறவிகளை அளந்து 1982-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அவர் தலைமையில்தான் மிகப் பெரிய பரீட்சை நடந்தது. மதத்தையும் அறிவியலையும் இணைத்துப் பார்க்க விரும்பும் டெம்பிள்டன் அறக்கட்டளை 24 லட்சம் டாலர் கொடுத்தது. ஆறு மருத்துவமனைகள், இதய பைபாஸ் அறுவைக்கு வந்த 1,802 பேர், மூன்று பிரிவுகள். முதல் இரண்டு பிரிவினரிடம், உங்களுக்காக ஜெபிக்கப்படலாம், படாமலும் போகலாம் என்றார்கள். அவர்களில் ஒரு பிரிவுக்கு ஜெபம் உண்டு, மறுபிரிவுக்கு இல்லை. மூன்றாம் பிரிவினரிடம் உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறோம் என்று சொல்லி, அப்படியே செய்தார்கள். முதற்பெயரும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் இரண்டு கத்தோலிக்கக் குழுக்களுக்கும் ஒரு புராட்டஸ்டண்ட் குழுவுக்கும் போயின. எல்லோரும் தங்கள் வழக்கமான ஜெபத்தோடு, அறுவை வெற்றியடையவும் சிக்கலில்லாமல் விரைவில் தேறவும் வேண்டும் ஒரே வாசகத்தைச் சேர்த்து 14 நாள் ஜெபித்தார்கள்.

2006 ஏப்ரலில் முடிவு வெளியானது. 30 நாளுக்குள் ஏதேனும் சிக்கல் கண்டவர்கள், தெரியாமல் ஜெபம் பெற்றவர்களில் 52 சதவீதம். ஜெபம் பெறாதவர்களில் 51. வேறுபாடு இல்லை. தமக்காக ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59. அது தற்செயலாக இருக்கலாம். ஜெபக் குழுவையே கூப்பிட வேண்டிய அளவுக்கு என் நிலைமை மோசமா என்ற பயம் சிலரைப் பிடித்திருக்கலாம் என்றும் ஆய்வுக் குழுவில் கருத்து இருந்தது. ஒன்பது மருத்துவமனைகளில் 748 பேரோடு நடந்து முந்தைய ஆண்டு வெளியான மன்ட்ரா ஆய்வும் பலன் காணவில்லை. அதில் கிறித்தவர், முஸ்லிம், யூதர், பௌத்தர் என எல்லோரும் ஜெபித்தார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நோயாளிகள் வரத்து குறைந்தபோது, ஜெபிப்பவர்களின் ஜெபம் பலிக்க ஜெபிக்கும் இரண்டாம் அடுக்குக் குழுவையும் சேர்த்தார்கள். அப்படியும் ஒட்டுமொத்த முடிவு மாறவில்லை. 2009-ல் காக்ரேன் நிறுவனத்தின் மதிப்பாய்வு 10 ஆய்வுகளையும் 7,646 நோயாளிகளையும் தொகுத்து, இதற்கு மேலும் சோதனை நடத்தத் தேவை இருப்பதாகத் தாங்கள் கருதவில்லை என்று முடித்தது.

பயணம் அதோடு நிற்கவில்லை. 2021-ல் ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனை, கோவிட் நோயாளிகள் 20 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரைக் காயத்ரி மந்திரமும் பிராணாயாமமும் செய்யச் சொல்லும் சோதனையை அறிவித்தது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவளித்தது. இங்கே மந்திரம் சொல்பவர் நோயாளியே, ஆகவே இது இரண்டாவது கேள்வி. ஆனால் மூச்சுப் பயிற்சியும் மந்திரமும் சேர்ந்து வந்தால் பலன் எதனால் என்று பிரிக்க முடியாது. இருபது பேரை வைத்து உறுதியாகச் சொல்லவும் முடியாது. கிதியோனின் இரண்டாவது இரவை இன்னமும் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

இவ்வளவு தூரம் வந்தபின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லலாம். பிரார்த்தனையை முழுதாகச் சோதிக்க முடியாது. கடவுள் இருக்கிறாரா என்றும் சோதிக்க முடியாது. பென்சனின் நோயாளிகளில் பெரும்பாலோருக்காக அவர்கள் குடும்பத்தினரும் வேண்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள், அதை எந்த ஆய்வாலும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் பிரார்த்தனையைப் பற்றி ஒருவர் ஒரு திட்டவட்டமான வாக்குறுதி கொடுத்தால், அந்த வாக்குறுதியைச் சோதிக்கலாம். முன்பின் அறியாதவரின் ஜெபம், தெரியாமலேயே ஒரு நோயாளியின் நோயைக் குறைக்கும் என்ற வாக்குறுதி நேர்மையாக, பக்தியுள்ளவர்களின் பணத்திலேயே, பல முறை சோதிக்கப்பட்டது. அது தேறவில்லை. ஜெபிப்பவரின் மூச்சையும் மனத்தையும் ஜெபம் அமைதிப்படுத்தும் என்பது தேறியிருக்கிறது.

ஆகவே பெரியவர்களே, தாய்மார்களே, நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள். அந்தக் கைப்பிடி நோயாளிக்கும் உங்களுக்கும் தெம்பு தரும். ஆனால் ஜெபம் போதும், மாத்திரையை நிறுத்து, இன்சுலினை விடு, ஊசி வேண்டாம் என்று யார் சொன்னாலும், எந்த மதத்தின் பெயரால் சொன்னாலும், எவ்வளவு கூட்டம் கூட்டிச் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த வாக்குறுதிக்கு எந்தச் சோதனையும் ஆதரவு தந்ததில்லை.